தெரியாத ப்ரோக்ராம் ஒண்ணு ஃபயர்வால்ல அனுமதி கேட்குது: அலோவா, கேன்சலா?

#1 · கரைதேடி · வெள்ளி இரவு 9:42

வணக்கம். நான் படம் வரையுற ஆள். கம்ப்யூட்டர் எனக்கு வரைபலகை மாதிரி, உள்ளே என்ன ஓடுதுன்னு எட்டிப் பார்த்ததே இல்லை. விண்டோஸ் 11.

சாயங்காலம் வேலைக்கு நடுவுல ஒரு பெட்டி எழும்பி நின்னுச்சு. பொது நெட்வொர்க்கும் தனி நெட்வொர்க்கும் இந்த ஆப்பை அணுக அனுமதிக்கலாமான்னு கேள்வி. பேர் "நோட் ஜேஎஸ் ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம்". இப்படி ஒண்ணை நான் இன்ஸ்டால் பண்ணவே இல்லை. பயந்துபோய் கேன்சல் அழுத்திட்டேன். இப்ப அதுக்கும் பயமா இருக்கு, திங்கக்கிழமை ஒரு வேலை கொடுத்தாகணும். வைரஸா இது?

#2 · அவசரக்காரன் · 9:51

நோட் ஜேஎஸ் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டுற கருவி, உலகமே யூஸ் பண்ற சாமான் ப்ரோ. அடுத்த தடவை கேட்டா அலோ கொடுத்துட்டு வேலையைப் பாருங்க. அந்தப் பெட்டியைக் காட்டுற காவலாளி ஃபயர்வாலையே நான் ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன். ஆறு வருஷமா ஒண்ணும் ஆகலை.

#3 · பழையமோடம் · 10:08

அவசரக்காரன், "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் ஆகலை"ன்னு திருத்திக்குங்க.

2003 ஆகஸ்ட்ல பிளாஸ்டர் புழு பரவினப்ப யாரும் எந்த அட்டாச்மென்ட்டையும் திறக்கலை. இணையத்துல இணைஞ்சிருந்தது, 135ஆம் போர்ட் (நெட்வொர்க்ல இருந்து உள்ளே வர்றதுக்கான எண் போட்ட கதவு) திறந்திருந்தது, அவ்வளவே போதுமா இருந்தது. திரையில ஒரு பெட்டி வந்து, 60 விநாடியில் அணையப் போறேன்னு எண்ண ஆரம்பிக்கும். அந்த 60 விநாடிக்குள்ள ஓட்டையை அடைக்கிற பேட்ச் இறக்கப் பார்த்தவங்கள்ல நானும் ஒருத்தன். விண்டோஸ் எக்ஸ்பியில அப்பவே ஃபயர்வால் இருந்துச்சு, ஆனா அணைச்ச நிலையிலதான் கைக்கு வந்துச்சு. 2004ல சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் தானாவே ஓட ஆரம்பிச்சது. அது பழங்கதைன்னு நினைச்சா 2017 மே மாசத்து வான்னாக்ரை புழு இருக்கு, அதுக்கு 445ஆம் போர்ட்.

கரைதேடி, உங்க பெட்டியை முதல்ல சரியா வாசிச்சுக்கலாம். அது "இணையத்துக்குப் போகட்டுமா"ன்னு கேட்கலை. விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போறவங்களை வழக்கமா மறிக்கிறதே இல்லை. திருட்டு ப்ரோக்ராமா இருந்தாலும் உங்க ஃபைலை வெளியே அனுப்ப இந்தப் பெட்டி தேவையில்லை, அது பாட்டுக்குப் போயிருக்கும். இது கேட்கிறது வேற: "நான் ஒரு போர்ட்டைத் திறந்து காத்துட்டு உட்காரப் போறேன், வெளியிலிருந்து யாராவது வந்தா உள்ளே விடலாமா?" ஒரு ப்ரோக்ராம் அப்படிக் காத்திருக்க ஆரம்பிக்கும்போது, அதுக்குன்னு விதி ஏதும் இல்லைன்னாதான் பெட்டி வரும்.

அதனால "இது நல்லதா கெட்டதா"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, "என் மெஷினுக்குள்ள யார் வந்து இதோட பேசணும்"னு கேளுங்க. பதில் தோணலைன்னா கேன்சல்தான் சரி. நீங்க செஞ்சது சரி.

#4 · கரைதேடி · 10:20

அப்ப கேன்சல் கொடுத்தா பெட்டி சும்மா போயிடும், மறுபடி கேட்கும், அவ்வளவுதானே?

#5 · கதவுஎண்443 · 10:34

இல்லைங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. கேன்சல்னா "அப்புறம் பார்க்கலாம்"னு அர்த்தம் இல்லை. நீங்க அட்மின் கணக்குல இருந்தா, அழுத்தின உடனே அந்த ப்ரோக்ராம் பேர்ல பிளாக் விதி எழுதிடும். சாதாரணமா ரெண்டு: டிசிபி, யூடிபின்னு தகவல் போற ரெண்டு முறைக்கும் ஒவ்வொண்ணு. அட்மின் இல்லாத கணக்குன்னா கேட்காமலே பெரும்பாலும் பிளாக் எழுதிடும். அதுக்கப்புறம் பெட்டி வராது. ரெண்டு மாசம் கழிச்சு ஏதோ ஒண்ணு வேலை செய்யலைன்னு தலையைப் பிச்சுக்கும்போது இது ஞாபகத்துல இருக்காது.

பயப்பட ஒண்ணுமில்லை, அழிச்சா போச்சு. ஸ்டார்ட்ல "டபிள்யூஎஃப்.எம்எஸ்சி"ன்னு ஆங்கில எழுத்துல டைப் பண்ணி என்டர் தட்டுங்க. இடது பக்கம் இன்பவுண்ட் ரூல்ஸ். சிவப்பு வட்டம் போட்ட வரிகள்ல உங்காளு இருப்பான். டபுள் கிளிக் பண்ணி, ப்ரோக்ராம்ஸ் தாவல்ல இருக்கிற முழுப் பாதையை இங்கே எழுதுங்க. பேர் முக்கியம் இல்லை, இடம்தான் முக்கியம்.

#6 · கரைதேடி · 10:52

கண்டுபிடிச்சேன்! நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு வரி. பாதை: சி டிரைவ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ், நான் வரையுற மென்பொருளோட ஃபோல்டர், அதுக்குள்ள "கம்பேனியன்", அதுக்குள்ள "நோட்.இஎக்ஸ்இ". அதாவது நான் காசு கொடுத்து வாங்கின மென்பொருளுக்குள்ளேயே குடியிருக்கு. அப்ப நல்லதுதானே?

#7 · கதவுஎண்443 · 11:01

நல்ல அறிகுறி. ப்ரோக்ராம் ஃபைல்ஸ்குள்ள எழுத அட்மின் அனுமதி வேணும். டெம்ப் ஃபோல்டர்லயோ டவுன்லோட்ஸ்லயோ உட்கார்ந்துட்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன். ஆனா உங்க கணக்குக்குள்ள இருக்கிற ஆப்டேட்டா ஃபோல்டரைப் பார்த்தவுடனே அலறவும் வேண்டாம், ஒழுங்கான ஆப்கள் பலதும் அங்கேதான் இன்ஸ்டால் ஆகுது.

பேரை மட்டும் நம்பாதீங்க. பெட்டியில வர்ற பேரை ஃபைலைச் செஞ்சவரே எழுதி வெச்சுக்கலாம். எஸ்விசிஹோஸ்ட்ங்கிற விண்டோஸ் ப்ராசஸ் வழக்கமா விண்டோஸோட சிஸ்டம்32 ஃபோல்டர்ல இருந்துதான் ஓடும். நடுவுல ரெண்டு எழுத்தை இடம் மாத்தி "எஸ்சிவிஹோஸ்ட்"னு வேற ஃபோல்டர்ல உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கேன். ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். யார் பேர் இருக்கு, டீடெய்ல்ஸ் அழுத்தினா கையொப்பம் சரின்னு சொல்லுதான்னு பாருங்க.

#8 · பழையமோடம் · 11:15

ஒரு குறுக்கீடு. கையொப்பம் இருந்தா சுத்தம்னு முடிவு கட்டிடாதீங்க. 2010ல ஸ்டக்ஸ்நெட் புழுவோட டிரைவர்கள் திருடின சான்றிதழ்ல கையொப்பமாகி வந்துச்சு. 2017ல கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ற சிகிளீனர் 5.33 அதிகாரபூர்வமான கையொப்பத்தோடயே உள்ளுக்குள்ள விஷத்தைச் சுமந்துட்டு வந்துச்சு. கையொப்பம் யார் கொடுத்த ஃபைல்னு சொல்லும். அவங்க வீட்டுல திருடன் புகுந்தானான்னு சொல்லாது. கையொப்பம் இல்லாதது எல்லாம் கெட்டதும் இல்லை, ஒத்தை ஆளா எழுதுற எத்தனையோ நல்ல கருவிகள்ல அது இருக்காது.

#9 · நிழல்நிரல் · 11:29

எல்லாரும் ஃபைல் நல்லதான்னே பார்க்கிறீங்க. இந்த ஃபைல் நிச்சயமா நல்லதாத்தான் இருக்கும், சிக்கலே அதுதான். நோட் ஒரு ஓட்டுநர் மாதிரி. எந்த வண்டியைக் கொடுத்தாலும் ஓட்டுவார். பைதான், ஜாவா எல்லாமே அந்த ஜாதிதான். ஓட்டுநரோட லைசென்ஸைப் பார்த்துட்டு வண்டிக்குள்ள என்ன சரக்குன்னு பார்க்காம கேட்டைத் திறந்துவிடுறோம். விண்டோஸ் ஃபயர்வால் விதி ஃபைலோட பாதையைத்தான் பிடிச்சுக்கும், அது எந்த ஸ்கிரிப்டை ஓட்டுதுன்னு பார்க்காது.

நான் பட்டது. பைதான் முதல் தடவை கேட்டப்ப ரெண்டு பெட்டியிலயும் டிக் அடிச்சு அலோ கொடுத்தேன். ஏதோ வேலை அவசரம், மறந்தும் போச்சு. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஒரு பயிற்சி வகுப்பு, நாப்பது பேர், ஒரே வைஃபை. என் லேப்டாப்புல ஒரு ஃபோல்டரை என் பிரவுசர்லயே பார்க்கிறதுக்காக பைதானோட சின்ன வெப் சர்வரை ஓட்டினேன். அதை ஒண்ணும் சொல்லாம ஓட்டினா 8000ஆம் போர்ட்ல எல்லா முகவரியிலும் காத்திருக்கும், என் மெஷினுக்குள்ள மட்டும் இல்லை. பின் வரிசைப் பையன் சும்மா நெட்வொர்க்கைத் துழாவிட்டு இருந்திருக்கான். இடைவேளையில போனை நீட்டி, "இது உங்களுதா?"ன்னான். திரையில என் சம்பள சீட்டு, பிடிஎஃப், பேரோட.

அப்ப எந்தப் பெட்டியும் எழும்பலை. ஏன்னா விதி ஒண்ணரை வருஷமா உட்கார்ந்திருந்தது.

#10 · அவசரக்காரன் · 11:33

🙄 சரி, நான் வாயை மூடிக்கிறேன்.

#11 · நிழல்நிரல் · 11:47

மூட வேண்டாம், முதல்ல ஃபயர்வாலை ஆன் பண்ணுங்க 😄

கரைதேடி, சரக்கு என்னன்னு பார்க்க இப்படிச் செய்ங்க. டாஸ்க் மேனேஜர், டீடெய்ல்ஸ். தலைப்பு வரியில ரைட் கிளிக் பண்ணி, காட்ட வேண்டிய பத்திகள்ல "கமாண்ட் லைன்" சேர்த்துக்குங்க. நோட் வரியில என்ன ஸ்கிரிப்ட் ஓடுதுன்னு முழுசா தெரியும். பக்கத்துல பிஐடி எண்ணையும் (ஓடுற ப்ரோக்ராமுக்கு விண்டோஸ் கொடுக்கிற எண்) குறிச்சுக்குங்க. அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்ட்ல "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" (ஆங்கில எழுத்துல). கடைசிப் பத்தியில அதே எண் வர்ற வரியை எடுத்துப் போடுங்க.

#12 · கரைதேடி · சனி காலை 7:18

ராத்திரி தூங்கலை, இதையே நோண்டிட்டு இருந்தேன். கையொப்பம் "ஓப்பன்ஜேஎஸ் ஃபவுண்டேஷன்", சரியாத்தான் இருக்குன்னு சொல்லுது. கமாண்ட் லைன்ல அதே கம்பேனியன் ஃபோல்டருக்குள்ள இருக்கிற "சர்வர்.ஜேஎஸ்". நெட்ஸ்டாட் வரி:

டிசிபி · 0.0.0.0:18422 · 0.0.0.0:0 · லிசனிங் · 9316

ஓப்பன்ஜேஎஸ்னா யாரு? நான் வாங்கினது அவங்ககிட்ட இல்லையே?

#13 · நிழல்நிரல் · 7:40

நோட் திட்டத்தைப் பராமரிக்கிற அமைப்பு அது, பேர் சரிதான். உங்க மென்பொருள்காரங்க நோட்டை அப்படியே எடுத்து உள்ளே வெச்சிருக்காங்க, இது சகஜம். சந்தேகம் தீரணும்னா பவர்ஷெல்லுல "கெட்-ஃபைல்ஹாஷ்" ஓட்டி வர்ற நீள எண்ணை (ஹாஷ்னு பேர், ஃபைலோட கைரேகை மாதிரி), நோட் தளம் ஒவ்வொரு பதிப்புக்கும் வெளியிடுற ஹாஷ் பட்டியலோட ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதே எண்ணை, ஃபைல்ல வைரஸ் இருக்கான்னு சோதிக்கிற வைரஸ்டோட்டல் தளத்துலயும் தேடலாம். ஃபைலையே அங்கே ஏத்தாதீங்க. இந்த ஃபைலுக்குப் பரவாயில்லை, ஆனா பழக்கமாயிடும். அங்கே ஏத்தினது பாதுகாப்பு நிறுவனங்களோட பகிரப்படும், ஒரு நாள் வாடிக்கையாளர் ஃபைலையும் ஏத்தி வைப்பீங்க.

அந்த நெட்ஸ்டாட் வரியில சுவாரசியம் 0.0.0.0தான். 127.0.0.1னு இருந்திருந்தா உங்க மெஷினுக்குள்ள ரெண்டு ப்ரோக்ராம் தங்களுக்குள்ள பேசிக்குதுன்னு அர்த்தம், பெட்டியே வந்திருக்காது. 0.0.0.0ன்னா எந்தப் பக்கத்துல இருந்து யார் வந்தாலும் பேசத் தயார்னு காத்திருக்கு. ஸ்கிரிப்ட் உங்க மென்பொருளோடதுதான், சரி. ஆனா யாருக்காகக் காத்திருக்கு? ஃபோல்டர் பேர் கம்பேனியன்னு இருக்கு. போன், டேப்லெட் எதையாவது இதோட இணைக்கிற வசதி இருக்கா?

#14 · கரைதேடி · 7:52

அப்படி எதுவும் நான் யூஸ் பண்றதில்லையே. மென்பொருள் நல்லாத்தான் ஓடுது, இப்பக்கூட வரைஞ்சு பார்த்தேன்.

#15 · கதவுஎண்443 · 8:05

அப்ப அப்படியே பிளாக்ல விடுங்க. யாருக்கோ வேண்டிய வசதி, உங்களுக்கு வேண்டாத வசதி. நல்ல ப்ரோக்ராமா இருந்தாலும் வேண்டாத கதவு எதுக்கு? நாளைக்கு வேணும்னா திறக்க ரெண்டு நிமிஷம்.

#16 · ஒட்டுக்கேள்வன் · 10:26

இவ்வளவு பேசினீங்க, ஒருத்தர்கூட வெளியே போறதைத் தடுக்கிறதைப் பத்திப் பேசலை. என் மெஷின்ல சிம்பிள்வால் இருக்கு. எது வெளியே போகணும்னாலும் என்னைக் கேட்டுத்தான் போகணும். கரைதேடியும் அப்படி ஒண்ணு போட்டுக்கணும். விஸ்டாவுல இருந்தே விண்டோஸ் ஃபயர்வாலுக்கும் வெளியே போறதைத் தடுக்கத் தெரியும், ஆனா கேட்காது.

#17 · பழையமோடம் · 10:58

நானும் அந்தக் காலத்து ஸோன்அலாரம் ஃபயர்வால்ல இருந்து அதைச் செஞ்சவன்தான். அதனால சொல்றேன், அவருக்கு வேண்டாம். முதல் நாள் அறுபது கேள்வி கேட்கும். முதல் பத்துக்கு மனுஷன் வாசிச்சுப் பார்த்துப் பதில் சொல்வான். பதினோராவதுல இருந்து கை தானா அலோவுக்குப் போகும். நாப்பதாவதா விஷம் வந்து கேட்டாலும் அதே கைதான். இடையில தளத்துப் பேரை முகவரியா மாத்துற டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டை மறிச்சுட்டு "நெட் வரலை"ன்னு ஒரு புது இழை திறப்பாங்க.

போதாததுக்கு, புத்திசாலியான மால்வேர் உங்க பிரவுசர் முதுகுல ஏறிப் போகும். பிரவுசருக்கு நீங்க எப்பவோ அலோ கொடுத்தாச்சு.

#18 · ஒட்டுக்கேள்வன் · 11:10

பிரவுசர் முதுகுல ஏறாத மால்வேரும் நிறைய இருக்கு சார். போன மாசம் ஒரு இலவச பிடிஎஃப் கருவி, இணையமே தேவையில்லாத வேலைக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் மூணு முகவரிக்குப் போகப் பார்த்துச்சு. கேட்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா? தூக்கிப் போட்டேன்.

#19 · பழையமோடம் · 11:24

அது நியாயம். உங்களுக்குப் பொறுமை இருக்கு, உங்களுக்குப் பொருந்துது. வரையுறதே வேலையா இருக்கிறவருக்குப் பொருந்தாதுங்கிறதுதான் என் கட்சி.

#20 · ஆப்பிள்தோட்டம் · மதியம் 1:37

நடுவுல ஒரு மேக்காரன் சந்தேகம். எனக்கும் இதே மாதிரி "உள்வரும் இணைப்புகளை ஏத்துக்கலாமா"ன்னு வருது. ஒரு ஆப் மட்டும் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கேட்குது, அலோ கொடுத்தாலும் மறந்துடுது. ஏன்?

#21 · கதவுஎண்443 · 2:02

பெரும்பாலும் அந்த ஆப்போட கையொப்பம் உடைஞ்சிருக்கும், அல்லது கையொப்பமே இருக்காது. மேக் ஃபயர்வால் யார்னு கையொப்பத்தை வெச்சு ஞாபகம் வெச்சுக்கும். ஆப்பை அழிச்சுட்டு மூலத் தளத்துல இருந்து புதுசா இறக்கிப் போடுங்க. மேக் ஃபயர்வாலும் உள்ளே வர்றதை மட்டும்தான் பார்க்கும், ஒட்டுக்கேள்வன் மாதிரி ஆளுங்களுக்கு அங்கே லிட்டில் ஸ்னிட்ச், லூலூ எல்லாம் இருக்கு. மேல பேசணும்னா தனி இழை திறங்க, இது குழம்பிடும்.

#22 · கரைதேடி · செவ்வாய் மாலை 6:15

திரும்ப வந்துட்டேன், கொஞ்சம் வெட்கத்தோட.

வேலை கொடுத்து முடிச்சாச்சு. இன்னிக்கு டேப்லெட்ல கோட்டோவியம் போட்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பலாம்னு பார்த்தா, டேப்லெட் கம்ப்யூட்டரைத் தேடிக்கிட்டே சுத்துது. அப்பதான் உறைச்சது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் டேப்லெட்ல அதே மென்பொருளோட சின்ன ஆப்பை நான்தான் போட்டேன். அது "கம்ப்யூட்டர்ல இணைப்பை இயக்கு"ன்னு சொல்லுச்சு, இங்கே ஒரு பொத்தானை அழுத்தினேன். அரைமணி நேரத்துல அந்தப் பெட்டி வந்துச்சு. ரெண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை. நிழல்நிரல் கேட்டப்பகூட "யூஸ் பண்றதில்லை"ன்னு சொல்லியிருக்கேன், பாருங்க.

#23 · நிழல்நிரல் · 6:31

வெட்கம் எதுக்கு, இது எல்லாருக்கும் நடக்கிறது. பெட்டி வந்தா "கடைசி ஒரு மணி நேரத்துல நான் என்ன அழுத்தினேன்"னு கேட்டுப் பாருங்க, பாதி மர்மம் அங்கேயே தீரும். தீராம போனா, அதாவது நீங்க எதையுமே தொடாம மெஷின் சும்மா இருக்கும்போது வந்தா, அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்கும்.

இப்ப திறக்கலாம், ஆனா டேப்லெட் அளவுக்கு மட்டும். டபிள்யூஎஃப்.எம்எஸ்சியில புது இன்பவுண்ட் விதி: ப்ரோக்ராம் அந்த நோட் பாதை, அலோ, ப்ரைவேட் மட்டும் டிக். விதி உருவானதும் திறந்து, ஸ்கோப் தாவல்ல ரிமோட் ஐபி முகவரிக்கு "லோக்கல் சப்நெட்" கொடுங்க. உங்க வைஃபைக்குள்ள இருக்கிறவங்க மட்டும் பேசலாம். வெளியே வேற இடத்துல பொது வைஃபையில இணைஞ்சா விதி படுத்துக்கும்.

#24 · கரைதேடி · 7:04

செஞ்சுட்டேன். இன்னும் சுத்திட்டேதான் இருக்கு.

#25 · கதவுஎண்443 · 7:09

பழைய சிவப்பு ரெண்டையும் அழிச்சீங்களா? அலோவும் பிளாக்கும் ஒரே ப்ரோக்ராமுக்கு இருந்தா பிளாக்தான் ஜெயிக்கும். புது விதி மேல எவ்வளவு பச்சை டிக் இருந்தாலும்.

#26 · கரைதேடி · 7:15

அழிச்சேன். ம்ஹூம். அதே சுத்தல்.

#27 · பழையமோடம் · 7:22

செட்டிங்ஸ், நெட்வொர்க், உங்க வைஃபையோட ப்ராப்பர்ட்டீஸ். பப்ளிக்கா, ப்ரைவேட்டா? விண்டோஸ் 11 புது நெட்வொர்க்கைப் பப்ளிக்னே வெச்சுக்கும், நீங்களா மாத்தாத வரைக்கும். உங்க விதியோ ப்ரைவேட்டுக்கு மட்டும்.

#28 · கரைதேடி · 7:26

பப்ளிக்!! மாத்தின அடுத்த நொடி டேப்லெட்ல கம்ப்யூட்டர் பேர் வந்துடுச்சு. நாலு நாள் மர்மம். எல்லாருக்கும் நன்றி.

அந்த விதிக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு கேட்டுச்சு. "டேப்லெட்டுக்காக நானே திறந்தது"ன்னு தமிழ்லயே வெச்சேன், ஏத்துக்கிச்சு.

#29 · அவசரக்காரன் · 8:40

ஃபயர்வாலை ஆன் பண்ணிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தா இன்பவுண்ட்ல என் பேர்ல அலோ விதி முப்பத்தி சொச்சம். பாதி கேம் இப்ப மெஷின்லயே இல்லை. அழிக்கலாமா?

#30 · கதவுஎண்443 · 8:55

ப்ரோக்ராமே இல்லைன்னா தாராளமா அழிங்க. அந்தப் பாதையில நாளைக்கு வேற எந்த ஃபைல் வந்து உட்கார்ந்தாலும் பழைய அனுமதி அதுக்கும் செல்லும். விண்டோஸே வெச்சிருக்கிற விதிகள்ல மட்டும் கை வைக்காதீங்க. மெஷினுக்கு நெட்வொர்க் முகவரி வாங்கித் தர்ற டிஹெச்சிபிக்கானதை அழிச்சுட்டு நெட் போச்சுன்னு வராதீங்க.

#31 · கரைதேடி · மூணு வாரம் கழிச்சு, வியாழன் காலை 9:03

பழைய இழையைத் தோண்டுறதுக்கு மன்னிக்கணும். வரையுற மென்பொருள் இன்னிக்கு அப்டேட் ஆச்சு. அதே பெட்டி, அதே பேர். இந்தத் தடவை எதையும் அழுத்துறதுக்கு முன்னாடி "மேலும் காட்டு" கொடுத்துப் பாதையைப் பார்த்தேன். ஃபோல்டர் பேர்ல இருந்த பதிப்பு எண் மட்டும் மாறியிருக்கு. கமாண்ட் லைன்ல அதே சர்வர்.ஜேஎஸ். என் விதி பழைய பாதைக்கு எழுதினது, அதனாலதானே மறுபடி கேட்குது?

#32 · நிழல்நிரல் · 9:20

அதேதான். விதியைத் திறந்து பாதையை மட்டும் மாத்திட்டு, பெட்டியில கேன்சல் கொடுங்க. கொடுத்துட்டு சிவப்பு வரி ரெண்டு முளைச்சிருக்கும், அதையும் எடுத்துடுங்க.

#33 · கரைதேடி · 9:31

ரெண்டு இல்லை, நாலு முளைச்சிருக்கு. பதட்டத்துல ரெண்டு தடவை திறந்து மூடிட்டேன் போல. எடுத்தாச்சு, டேப்லெட் வந்தாச்சு.